அன்னக்கிளிக்குச் சில யந்திரங்கள்

சங்கரன்கோவில்
18-8-1953

அன்புள்ள அன்னக்கிளிக்கு,

நீ வேலையில் இல்லை, பனவடலிசத்திரத்தில் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாய் என்று ஆஸ்பத்திரி ஆயா மகபூப் பீவி சொல்லித் தெரிந்துகொண்டேன். பிள்ளையின் தொப்புளுக்குப் போடும் பவுடர் தீர்ந்துபோய், நான் வாங்கப் போன இடத்தில் சொன்னாள். லீவாக இருக்கும் என்று நினைத்தேன். லீவுதானே?

பயல் சுகமாக இருக்கிறான். நான்தான் சுகமில்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயம். அவன் அழுதால் ஏன் அழுகிறான் என்று பயம். அழாவிட்டால் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். பி.ஏ. படித்து என்ன, பிள்ளைக்கு விக்கல் எடுத்தால் புத்தகத்திலா பார்க்க முடியும்? நீ பக்கத்தில் இருந்த நாட்களில் உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நீ பதறவில்லை என்றால் பதற வேண்டாம் என்று அர்த்தம்.

இன்டர்மீடியட் படிக்கும்போது ஹாஸ்டலில் நாம் இருவரும் இல்லாத யந்திரங்களாக யோசித்துச் சிரிப்போமே, தானே மடியும் பாவாடை, வார்டன் வரும்போது மட்டும் எரியும் விளக்கு என்று. நீ நர்ஸ் படிக்க மதுரைக்குப் போனாய், நான் பி.ஏ.க்கு இருந்துவிட்டேன், அந்த விளையாட்டு நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ நடக்கிற நடையைப் பார்த்ததில் மறுபடி தொடங்கிவிட்டது. உனக்காகச் சில யோசித்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, வார்டு வாசலில் ஒரு கிராமபோன். உறவுக்காரர்கள் வந்து நின்றதும் தானே சுற்ற ஆரம்பிக்கும். ‘ஆம்பளப்பிள்ளைதான், நல்லா இருக்கு, நிறம் இப்போ தெரியாது, மூக்கு யாரு மாதிரின்னு நீங்களே பேசித் தீத்துக்கிடுங்க, வெளிய நில்லுங்க.’ உன் தொண்டைத் தண்ணீர் மிச்சம்.

இரண்டாவது, பெட்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கன்றுக்குட்டி மாதிரி தானே உருண்டு கட்டிலடிக்கு வரவேண்டும். நீ குனியவே வேண்டாம்.

மூன்றாவது, உன் செருப்புக்குள் சைக்கிள் டியூப் போலக் காற்று. பஞ்சின் மேல் நடப்பது போல நடக்கலாம், சாயந்தரம் கால் வீங்காது.

அன்று வார்டில் நடந்ததை நீ மனதில் வைத்துக்கொண்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் இருக்கிற இடத்தில் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா? உனக்குத் தெரியாததா.

பதில் எழுது. அத்தைக்கு எழுத்துத் தெரியாது. காலேஜ் சிநேகிதி என்று சொல்லிக்கொள்வேன். அது பொய்யும் இல்லையே.

உன்
ஆனந்தவல்லி


பனவடலிசத்திரம்
24-8-1953

ஆனந்தவல்லிக்கு,

கடிதம் வந்தது. லீவு இல்லை. ‘பெரிய இடத்து மனுஷாளுக வந்து சத்தம் போட்டுட்டாங்க. நீ கொஞ்ச நாள் வீட்டுல இரு, கூப்பிட்டு அனுப்புதேன்’ என்று டாக்டரம்மா சொன்னார்கள். அவர்களுக்கும் ஊரில் நாலு பெரிய வீட்டுத் தயவு வேண்டும். இன்னும் கூப்பிடவில்லை.

உன் யந்திரங்களைப் பார்த்தேன். பெட்பான் தானாக வரும், சரி. தானாகக் கழுவிக்கொள்ளுமா? அதை விட்டுவிட்டாயே. யந்திரம் யோசிக்கிறவர்கள் எல்லாம் வருகிற வழியைத்தான் யோசிக்கிறார்கள். போகிற வழி நர்ஸ் தலையில்.

கிராமபோன் வேண்டாம். உங்கள் வீட்டு ஆட்கள் அதோடும் சண்டைக்கு நிற்பார்கள். காற்றுச் செருப்பு நல்லதுதான், ஆனால் பிரசவ அறைத் தரையில் வழுக்கும். அங்கே என்னென்ன கொட்டிக் கிடக்கும் என்று உனக்குத் தெரியாது. நீ மேலே கூரையைப் பார்த்துக் கிடந்தாய்.

எனக்கு வேண்டியதை நான் சொல்கிறேன். ஒரு கைகாட்டி. ரயிலுக்கு இருக்கிறது இல்லையா, அதுபோல ஒவ்வொரு கர்ப்பிணியின் கட்டில் தலைமாட்டிலும் ஒன்று. பிள்ளை கிளம்பிவிட்டது என்றால் இறங்க வேண்டும். ‘வருது வருது’ என்று கத்துகிறவளுக்கெல்லாம் ஓடி, கத்தாமல் கிடக்கிறவளிடம் பிந்திப் போகிற கஷ்டம் தீரும்.

இன்னொன்று, ஒரு கடிகாரம். நான் சோற்றுத் தூக்கைத் திறந்ததும் அது நின்றுவிட வேண்டும். நான் கை கழுவுகிற வரை சங்கரன்கோவில் தாலுகாவில் ஒரு பிள்ளையும் பிறக்கக் கூடாது.

இங்கே எனக்கு வேலை இருக்கிறது. அய்யாவோடு வயலுக்குப் போகிறேன். ஊரில் யாரும் நேராகக் கேட்கவில்லை. நர்ஸ் வேலைக்குப் போன பெண் திடீரென்று வீட்டில் வந்து உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள் என்று உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மாவே ஒருநாள் அடுப்படியில் வைத்து, ‘ஏட்டி, என்ன செஞ்ச? எங்கிட்டயாவது சொல்லிரு’ என்று கேட்டாள். ஒரு பிள்ளை வாயில் சீனித் தண்ணீர் தொட்டு வைத்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. அதற்காக யாராவது வேலையை விட்டு அனுப்புவார்களா என்கிறாள்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். நீ மயக்கத்தில் இருந்ததாகச் சொன்னாயே?

அன்னக்கிளி


சங்கரன்கோவில்
5-9-1953

அன்புள்ள அன்னக்கிளி,

உன் கடைசி வரியைப் படித்த பிறகு இந்தக் கடிதத்தை மூன்று தரம் தொடங்கிக் கிழித்தேன். அதனால்தான் இத்தனை தாமதம்.

சொன்னேன். மயக்கத்தில் இருந்ததாகத்தான் சொன்னேன்.

நடந்தது உனக்கும் எனக்கும் தெரியும். ஆனாலும் நானே எழுதிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் முதலில் சேனை வைக்க வேண்டும் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம். முதன்முதலில் யார் விரலால் இனிப்புத் தொட்டு நாக்கில் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். அதற்காக அத்தை, தென்காசியிலிருந்து பிரம்மநாயகி சின்னம்மையை வரச் சொல்லியிருந்தார்கள். தாசில்தார் சம்சாரம், அதிர்ந்து பேசாதவர்கள், கையில் ஐசுவரியம் இருக்கிறது. வெள்ளிக் கிண்ணம்கூடத் துலக்கி வைத்தாயிற்று. ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் அவர்களுக்கு ரயிலில் ஏற இடம் கிடைக்கவில்லை. அதற்குள் இவன் வந்துவிட்டான். வந்தவன் சரியாக அழவும் இல்லை.

நீ அவனைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியதும், அவன் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குளுகோஸ் தண்ணீர் தொட்டு வைக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த அறைக்குப் போனார்கள். நீ என்னைப் பார்த்தாய். ‘ஏட்டி, இது சேனையாயிரும். உங்க ஆளுக வரட்டுமா, இல்ல நீயே தொட்டு வைக்கியா?’ என்று கேட்டாய். கேட்டாயே, அதுதான் என்னைக் குத்துகிறது. நீ கேட்காமல் செய்யவில்லை. நான்தான், ‘நீயே வைட்டி. உன் தைரியத்துல பாதி வந்தாப் போதும்’ என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது.

மறுநாள் சின்னம்மை வந்து கிண்ணத்தை எடுத்தபோது, மகபூப் பீவி சும்மா இருக்கமாட்டாமல், ‘அது நேத்தே நர்சம்மா வச்சாச்சே’ என்றாள். அத்தை உன்னைப் பார்த்து, ‘எந்த ஊரு? எந்தத் தெரு?’ என்று கேட்டார்கள். நீ ஒளிக்காமல் சொன்னாய். பிறகு என் பக்கம் திரும்பி, ‘ஒன்னக் கேட்டா வச்சா?’ என்றார்கள். நீ கையில் தெர்மாமீட்டரோடு நின்றாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல், ‘எனக்கு ஒண்ணும் தெரியாதுத்தே, மயக்கமா இருந்தேன்’ என்றேன்.

ஒரே ஹாஸ்டல் அறையில் உன் தட்டில் சாப்பிட்டவள் நான். அதையும் அவர்களிடம் சொல்லியதில்லை. உன்னைத் தெரியும் என்றுகூடச் சொல்லியதில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் முழுக்க உன்னை ‘நர்சம்மா’ என்றேன். நீயும் பதிலுக்கு ‘சொல்லுங்கம்மா’ என்றாய்.

வீட்டுக்கு வந்த பிறகு வெள்ளிக் கிண்ணத்தில் தேன் வைத்துச் சின்னம்மை கையால் இன்னொரு தரம் சேனை வைத்தார்கள். இப்போது அவன் பேசாமல் படுத்திருந்தால் ‘பிரம்மநாயகி குணம்’ என்கிறார்கள். வீம்பாக அழுதால், ‘இது அந்தச் சிறுக்கி வச்சது’ என்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

உனக்கு யந்திரம் வேண்டாம், சலுகைகள் வேண்டும் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் நர்சுக்கு ஒருநாள் சம்பளத்தோடு லீவு. டூட்டி முடிந்து பஸ் ஏறினால் ஜன்னலோரச் சீட்டு. அவள் தூங்கிவிட்டால் கண்டக்டர் டிக்கெட் கேட்டு எழுப்பக் கூடாது, ஊர் வந்ததும் ‘அம்மா, இறங்குங்க’ என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே அவளுக்கென்று சாய்வு நாற்காலி, அதில் டாக்டர்கூட உட்காரக் கூடாது.

எழுத எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. நாற்காலியை எடுத்துவிட்டவள் நாற்காலி வரைந்து அனுப்புகிறேன்.

ஆனந்தவல்லி


பனவடலிசத்திரம்
9-9-1953

ஆனந்தவல்லிக்கு,

நீ எழுதியதில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்றே ஒன்று பாக்கி. இதை என்னிடம் எழுதி என்ன பிரயோஜனம்? எனக்குத்தான் தெரியுமே.

சலுகைகளை அய்யாவுக்கு வாசித்துக் காட்டினேன். பஸ் விஷயம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ‘நல்லா யோசிக்கிற பிள்ளையா இருக்காளே. நாத்து நட ஒரு மிசினு கேட்டு எழுதுளா, முதுகு ஒடியுது’ என்றார். யார் எழுதியது என்று சொல்லவில்லை. சொன்னால் அவர் சிரித்திருக்க மாட்டார்.

எனக்கும் ஒரு யந்திரம் தோன்றியது. பிரசவக் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி. தாய் சொல்வதை எல்லாம் அப்படியே பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். பிறகு திறந்தால் அவள் குரலிலேயே பேச வேண்டும். இப்படி ஒன்று இருந்தால் நர்ஸ் வேலை பாதி சுலபம். பிறகு யாரும் மயக்கத்தில் இருந்ததாகச் சொல்ல முடியாது.

அது வருகிற வரைக்கும் உன் வாய்தான் இருக்கிறது.

டாக்டரம்மா வேறு பெண்ணைத் தேடுகிறார்களாம். மகபூப் பீவி சந்தையில் அய்யாவைப் பார்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அங்கிருந்து விலக்கப்பட்டவள் என்று பேரானால் வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் எடுக்க மாட்டார்கள். நான் படித்தது அவ்வளவுதான். அய்யா எனக்காக விற்ற மாடும் அவ்வளவுதான்.

நீ போய்ச் சொல். ‘நான்தான் வைக்கச் சொன்னேன்.’ இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். நான் உன் சிநேகிதி என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

பிள்ளைக்கு விக்கல் எடுத்தால் பயப்படாதே. தோளில் போட்டு முதுகைத் தடவு. வசம்பு உரைத்துக் கொடுக்க விடாதே.

அன்னக்கிளி


சங்கரன்கோவில்
17-9-1953

என் அன்பு அன்னக்கிளி,

சொல்லிவிட்டேன். இன்று காலை டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

பிள்ளையை எடை பார்க்க வேண்டும் என்று அத்தையையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். திரும்பிவிடலாமா என்று தேரடியில் ஒருதரம் நின்றேன்கூட. உள்ளே போய் நின்றதும் என்ன தைரியமோ, எல்லாம் சொன்னேன். நீ கேட்டதையும், நான் வைக்கச் சொன்னதையும், நாம் சிநேகிதிகள் என்பதையும். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். ‘இதை நீ முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?’ என்றார்கள். நாளைக்கே உனக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

இன்று எனக்குச் சோறு இறங்கியது. பயலும் நன்றாகத் தூங்குகிறான், தாய் மனசு அவனுக்குத் தெரிகிறது போலும். நீ வேலைக்குத் திரும்பியதும் உனக்கு ஒரு புது யந்திரம்: ஊசி கொதிக்க வைக்கிற அடுப்பு. யாராவது கூப்பிட்டு நீ ஓடினால் தானே தணிந்து, திரும்பி வந்ததும் தானே எரிய வேண்டும். இதில் குற்றம் கண்டுபிடி பார்க்கலாம்.

என்றும் உன்
ஆனந்தவல்லி


சங்கரன்கோவில்
26-9-1953

ஆனந்தவல்லிக்கு,

வேலைக்கு வந்துவிட்டேன். இதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உங்கள் வீடு நாலு தெரு தள்ளி. ஆனாலும் தபாலில்தான் போடுகிறேன்.

அடுப்பில் குற்றம் இல்லை. நல்ல அடுப்பு.

நீ டாக்டரம்மா அறையில் பேசிய கதையை மகபூப் பீவி சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். ‘அந்தம்மா உள்ள நின்னு தஸ்ஸு புஸ்ஸுன்னு இங்கிலீசுலயே பேசிச்சு. அரைக்கதவுதான, எல்லாம் கேக்குது, ஒண்ணும் வெளங்கல. பெரியம்மா பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு பெஞ்சில இருந்தாக. என்னட்டி பேசுதா மருமவன்னு என்னைக் கேட்டாக. நான் என்னத்தக் கண்டேன், பிள்ளைக்கு வயித்துக்குச் சரியில்லன்னு சொல்லுதாக போலன்னேன்.’

நீ இங்கிலீஷில் சொன்னாய்.

நாம் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தில் படித்த இங்கிலீஷ்தான். நீ எந்தெந்த வார்த்தை போட்டிருப்பாய் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அழகாகச் சொல்லியிருப்பாய். உன் அத்தைக்கு எந்தப் பாஷை தெரியும் என்று உனக்குத் தெரியாதா?

நீ அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் டாக்டரம்மாவும் சொல்லவில்லை. ‘அந்தப் பிள்ளையத் திருப்பி எடுத்துக்கிடுதேன், நீங்க பெரிய மனசு பண்ணணும்’ என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். உன் அத்தை பெரிய மனசு பண்ணினார்கள். நேற்று இங்கே வந்தார்கள். வார்டு நடையில் என்னை நிறுத்தினார்கள். கட்டில்களில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘சரி போ. தெரியாத்தனமா செஞ்சிட்ட. மன்னிச்சு விட்டிருக்கு. இனிமே கைய ஒதுக்கமா வச்சுக்கோ’ என்றார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘சரிங்கம்மா’ என்றேன்.

என் கை செய்யாத தப்புக்கு என் வாய் சரி என்றது. வேலை வேண்டுமே. அதிலிருந்து எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. இதுவரை உன் மேல் மட்டும்தான் இருந்தது.

இனி யந்திரம் எழுதாதே. சிரிப்பு வருகிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்னக்கிளி


சங்கரன்கோவில்
12-10-1953

அன்னக்கிளி,

உன் கடிதம் வந்து பல நாட்கள் ஆகிவிட்டன. நீ சொல்லும் வரை எனக்கு அது உறைக்கவே இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் உறைத்தது. டாக்டரம்மா அறைக்குள் நுழையும்போது தமிழில்தான் வாயெடுத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை செருமுகிற சத்தம் கேட்டது. அடுத்த வார்த்தை இங்கிலீஷில் வந்தது. பிறகு அப்படியே போய்விட்டேன். வீட்டுக்கு வந்து, சொல்லிவிட்டோமே என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நேற்று அத்தையிடம் சொன்னேன்.

அத்தை கிணற்றடியில் மணைப் பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பயலைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வெந்நீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை காலில் கிடக்கும்போது அவர்களால் எழுந்து போக முடியாது. அதைப் பார்த்துத்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று நினைக்கிறேன். அதிலும் ஒரு தந்திரம்.

‘அத்தே, அன்னைக்கு நான் மயக்கத்துல இல்ல. அந்த நர்ஸ் எங்கூடப் படிச்சவ. அவ எங்கிட்டக் கேட்டா, நான்தான் சேனை வைக்கச் சொன்னேன்’ என்றேன்.

அவர்கள் கை நிற்கவே இல்லை. கடலைமாவைக் குழைத்துப் பிள்ளை முதுகில் தேய்த்துக்கொண்டே, ‘தெரியும்’ என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை.

‘திரைக்கு இங்கிட்டுத்தான நின்னேன். அவ கேட்டதும் காதுல விழுந்துச்சு, நீ சொன்னதும் விழுந்துச்சு. ரெண்டு பேரும் சிரிச்சதும் விழுந்துச்சு.’

‘பொறவு ஏன்த்தே டாக்டரம்மாகிட்டப் போயி...’

‘ஒன்னக் கேட்டுட்டுத்தான போனேன். எல்லாருக்கும் முன்னால வச்சுக் கேட்டேன்லா? ஆமாத்தே, நான்தான் சொன்னேன்னு நீ சொல்லிருந்தா நான் என்ன செஞ்சிருக்க முடியும்? வீட்டுக்கு வந்து ஒங்கூடச் சண்டை போட்டிருப்பேன். நீதான் மயக்கம்னுட்டியே. எனக்கு அது வசதியாப் போச்சு.’ தண்ணீரை ஊற்றினார்கள். ‘ஒன் சிநேகிதிய நீயே வேண்டாங்கும்போது எனக்கென்ன வந்துச்சு? இந்தா, பிடி. பிள்ள நடுங்குதான்.’

துண்டில் வாங்கிக்கொண்டு நின்றேன். அத்தை மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. இத்தனை நாளும் அவர்களுக்குப் பயந்து ஒளித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒளிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அவர்கள் கேட்டது என்னை. நான் விட்டுக்கொடுத்தது உன்னை. நடுவில் வேறு யாரும் இல்லை.

சாயந்தரம் ஆபீஸிலிருந்து வந்தவரிடமும் சொன்னேன். உனக்குத் தெரியுமே, என் வீட்டுக்காரர் வாய் திறந்து பேசுவது அபூர்வம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ‘இப்போ எதுக்கு அதெல்லாம்’ என்றார். எனக்கு அவரைக் கண்டிக்கத் தோன்றவில்லை. இரண்டு மாதமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்ததும் அதே வார்த்தைதான். அத்தை இன்று காலை பஸ்ஸில் வாசுதேவநல்லூருக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சண்டை இல்லை. என் கையால் காப்பி மட்டும் வாங்கிக் குடிக்கவில்லை.

நீ எழுதாதே என்றதால் யந்திரம் ஒன்றும் எழுதவில்லை.

இனி எழுதுவதை எழுத எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். பயல் நேற்று முதல் சரியாகப் பால் குடிக்கவில்லை. வாயை வைக்கிறான், உடனே அழுது எடுத்துவிடுகிறான். நாக்கில் வெள்ளையாக, தயிர் படிந்த மாதிரி இருக்கிறது. துடைத்தால் போகவில்லை. வீட்டில் கேட்க யாரும் இல்லை. அத்தை இருந்திருந்தாலும் உன்னைத்தான் கேட்டிருப்பேன். உன்னிடம் மறுபடியும் வேலை வாங்குகிறேன் என்று தெரிகிறது. தெரிந்துதான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் நாளாகும், பால்காரர் கருத்தப்பாண்டி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஆனந்தவல்லி


சங்கரன்கோவில்
12-10-1953, சாயந்தரம்

ஆனந்தவல்லிக்கு,

பயப்பட ஒன்றும் இல்லை. கைப்பிள்ளைகளுக்கு வருவதுதான். துணியால் சுரண்டாதே, ரத்தம் வரும். தேன் தடவாதே, யார் சொன்னாலும் தடவாதே. நீ பால் கொடுக்குமுன் மார்பைக் கொதித்து ஆறின தண்ணீரில் துடைத்துக்கொள். அவன் குடிக்காவிட்டால் பீய்ச்சிச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டு. இங்கே ஊதா மருந்து இருக்கிறது, வாய்க்குள் தடவ வேண்டும். கறை படும், நல்ல சட்டை போட்டுக் கொண்டுவராதே.

நாளைக் காலையிலேயே கொண்டு வா.

எனக்குக் கோபம் தீரவில்லை. தீருமா என்றும் தெரியவில்லை. பிள்ளை வாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

காலை நேரம் பெஞ்சு நிறைய ஆட்கள் இருப்பார்கள். உங்கள் தெருக்காரர்களும் இருப்பார்கள். வாசலில் மகபூப் பீவி நின்றுகொண்டு யாரைப் பார்க்கணும் என்று எல்லோரையும் கேட்பாள். உன்னைத் தெரியும் என்றாலும் கேட்பாள். டாக்டரம்மாவை என்று சொல்லிவிடாதே.

என் பேரைச் சொல். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று வைத்துக்கொள். சத்தமாகச் சொல்.

அன்னக்கிளி